தயிரை மருந்தாக்கிய மெச்னிகோவ்: குடல் பாக்டீரியா பற்றி அவர் சொன்னதில் எது சரி, எது தவறு?

சூப்பர் மார்க்கெட்டில் பால் பொருட்கள் அடுக்கியிருக்கும் ஃப்ரிட்ஜ் முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். புரோபயாடிக் தயிர், புரோபயாடிக் பானம், புரோபயாடிக் ஐஸ்கிரீம். எல்லா டப்பாவிலும் ஏறக்குறைய ஒரே வாக்குறுதிதான்: நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் குடல் நன்றாக இருக்கும், குடல் நன்றாக இருந்தால் நீங்களும் நன்றாக இருப்பீர்கள்.

இந்த வாக்குறுதிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதை முதன்முதலில் உலகத்துக்குச் சொன்னவர் ஒரு விளம்பர நிறுவனத்துக்காரர் இல்லை, நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி. பெயர் இலியா மெச்னிகோவ்.

அவர் சொன்னதில் பாதி இன்று அறிவியல் பாடம். மீதிப் பாதி தவறு. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வது உங்களுக்கும் முக்கியம். காரணம், குடல் அழற்சி நோய்களும் பெருங்குடல் புற்றுநோயும் ஏன் வருகின்றன என்று இன்று நடக்கும் ஆராய்ச்சியில் ஒரு பெரிய பகுதி, அவர் விட்டுப்போன இடத்திலிருந்துதான் தொடர்கிறது.

யார் இந்த மெச்னிகோவ்?

1845 மே மாதம், அன்றைய ரஷ்யப் பேரரசில், கார்கிவ் நகரை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிறந்தவர். இன்று அந்தப் பகுதி உக்ரைனில் இருக்கிறது. அப்பா ராணுவ அதிகாரி, அம்மா யூதப் பின்னணி கொண்ட குடும்பத்துப் பெண். சின்ன வயதிலேயே செடி, பூச்சி என்று பைத்தியமாக அலைந்த பையன். தன் பாடத்தைக் கேட்க உட்காரும் பிள்ளைகளுக்குக் கையில் காசு கொடுத்து, இயற்கை பற்றி வகுப்பு எடுத்தவன்.

கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். அப்புறம் ஜெர்மனி, இத்தாலி என்று கடலோர ஆய்வுக் கூடங்களில் சுற்றி, கடல் உயிரினங்களின் கரு வளர்ச்சியை ஆராய்ந்தார். இருபதுகளின் தொடக்கத்திலேயே ஒடெசா பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

இதுவரை கேட்டால் ஒரு வெற்றிக் கதை போலத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய சொந்த வாழ்க்கை அப்படி இல்லை.

1869இல் லுட்மிலா என்ற பெண்ணை மணந்தார். அப்போதே அவருக்குக் காசநோய் முற்றியிருந்தது. நடக்க முடியாத மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். நல்ல காற்றுக்காக ஊர் ஊராகப் போய்ப் பார்த்தும் பலனில்லை. 1873இல் மடெய்ரா தீவில் லுட்மிலா இறந்தார். மனம் உடைந்த மெச்னிகோவ் அதிக அளவில் போதை மருந்து சாப்பிட்டு உயிரை விட முயன்றார், பிழைத்தார்.

1875இல் ஓல்கா என்பவரை மறுமணம் செய்தார். சில வருடங்களில் ஓல்காவுக்கும் கடுமையான டைஃபாய்டு வந்தது. அதே காலத்தில் பல்கலைக்கழகத்தில் அரசியல் நெருக்கடி. 1881இல், விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சல் நோயாளியின் ரத்தத்தை எடுத்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். செத்தால் சாவு, பிழைத்தால் அந்த நோய் ரத்தம் வழியாகப் பரவுமா என்பதற்கு விடை. கடுமையாக நோயுற்றார். மறுபடியும் பிழைத்தார். ஓல்காவும் பிழைத்து, கடைசிவரை அவருடன் இருந்தார்.

சாவை இவ்வளவு அருகில் பார்த்தவர், பின்னாளில் முதுமையையும் சாவையும் ஆராயக் கிளம்பியது ஆச்சரியமில்லை.

ஒரு முள் மாற்றிய வாழ்க்கை

1882இல் ஒடெசா வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு சிசிலித் தீவின் மெசினா நகருக்குப் போனார். கடற்கரையில் வாடகை வீடு, வரவேற்பறையிலேயே ஆய்வுக் கூடம்.

ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்நோக்கியோடு தனியாக உட்கார்ந்து, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடம்புக்குள் சில செல்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. உடம்புக்குள் ஏதாவது அந்நியப் பொருள் நுழைந்தால் இந்த செல்கள் அதைச் சூழ்ந்துகொள்ளுமோ என்று ஒரு யோசனை வந்தது. தோட்டத்திலிருந்து சில முட்களைப் பறித்து வந்து, குஞ்சுகளின் உடம்பில் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அந்த செல்கள் மொய்த்திருந்தன.

கையில் சிலாம்பு ஏறினால் சுற்றிலும் வீங்கிச் சீழ் பிடிக்கிறதே, அதுவும் இதே வேலைதான். நம் உடம்பின் வெள்ளணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்குகின்றன. விழுங்கும் செல் என்ற பொருளில் அவற்றுக்கு ஃபாகோசைட் என்று பெயர் வந்தது. வீக்கம் என்பது நோயே இல்லை, உடம்பின் தற்காப்பு என்பது அவர் வாதம். அதுவரை பலரும் அதற்கு நேர் எதிராக நினைத்திருந்தார்கள்.

ஜெர்மன் விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. ரத்தத்தின் திரவத்தில் இருக்கும் பொருட்கள்தான் கிருமியைக் கொல்கின்றன என்றது அவர்கள் தரப்பு. இருபது ஆண்டுகளுக்கும் மேல் சண்டை நடந்தது. 1908இல் நோபல் குழு, மெச்னிகோவுக்கும் எதிர்த்தரப்பின் பால் எர்லிக்குக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தது. இரண்டு பேர் சொன்னதும் சரி என்றே பின்னால் தெரியவந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையின் முடிவில் இதே மாதிரி இன்னொன்று வரப்போகிறது.

பாரிஸும் பம்பாயும்

நடுவில் 1886இல் ஒடெசாவில் தொடங்கிய நுண்ணுயிரி ஆய்வு நிலையத்துக்கு இவரைத் தலைவராக்கினார்கள். அது சரிப்படவில்லை. இவர் டாக்டர் இல்லை என்று உள்ளூர் மருத்துவர்கள் எதிர்த்தார்கள். அவர் ஊரில் இல்லாத நேரத்தில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்ட ஆடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. 1888இல் கிளம்பிப் பாரிஸ் போனார். லூயி பாஸ்டர் தன் புதிய நிலையத்தில் அவருக்கு ஓர் ஆய்வுக் கூடம் கொடுத்தார். சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

இங்கே நமக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. ஒடெசாவில் மெச்னிகோவின் மாணவராக இருந்த வால்டெமர் ஹாஃப்கின், அவரைப் பின்தொடர்ந்து பாரிஸ் வந்தார். முதலில் கிடைத்தது நூலக வேலை. அங்கிருந்தபடியே காலரா தடுப்பூசியை உருவாக்கி 1893இல் இந்தியா வந்தார். 1897 ஜனவரியில், பம்பாயில் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை முதலில் தனக்கே போட்டுச் சோதித்தார். மும்பையில் இன்றும் இருக்கும் ஹாஃப்கின் நிலையம் அவர் பெயரில்தான்.

குருவுக்கும் இந்தத் தற்சோதனைப் பழக்கம் உண்டு. 1892இல் பிரான்ஸில் காலரா பரவியபோது, காலராக் கிருமி வளர்த்த திரவத்தை மெச்னிகோவ் தானே குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்த ஒருவரும் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாமவர் குடித்துச் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார்.

ஒரே கிருமி, மூன்று பேர், இரண்டு விதமான முடிவு. ஏன்?

குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் மற்ற நுண்ணுயிரிகள்தான் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன என்று மெச்னிகோவ் நினைத்தார். ஆய்வுக் கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, சில நுண்ணுயிரிகள் காலராக் கிருமியை வளர விட்டன, சில தடுத்தன. குடலுக்குள் இருக்கும் கூட்டம் நம் நோயைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் இங்கேதான் வலுப்பெற்றது.

பெருங்குடல் மீது ஒரு சந்தேகம்

வயது ஐம்பதைத் தாண்டியதும் மெச்னிகோவின் கேள்வி மாறியது. மனிதன் ஏன் முதுமை அடைகிறான்? முதுமையை ஆராயும் துறைக்கு ஜெரன்டாலஜி என்ற பெயரை 1903இல் கொடுத்தவரே இவர்தான்.

அவர் கண்டுபிடித்த குற்றவாளி, பெருங்குடல்.

வாதம் இதுதான். சமையலறையில் இறைச்சியை வெளியே வைத்தால் அழுகி நாறும். பாலை வைத்தால் பெரும்பாலும் புளிக்கும். இறைச்சியில் இருப்பது பெரும்பாலும் புரதம். பாலில் சர்க்கரை உண்டு, அதைச் சாப்பிடும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புளிப்பில் அழுக வைக்கும் பாக்டீரியா வளராது. தோசை மாவை அரைத்து வெளியே வைக்கும் எந்த வீட்டுக்கும் இது புதுசில்லை.

நாம் சாப்பிடும் புரதத்தின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஒரு சிறு பங்கு தப்பித்துப் பெருங்குடலுக்குப் போகும். அங்கே காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போது இண்டோல், ஃபீனால், கிரெசால் போன்ற பொருட்கள் உருவாகின்றன. மலத்தின் நாற்றத்தில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவை விஷம், ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களைக் கெட்டியாக்குகின்றன, உடம்பை மெல்ல மெல்ல முதுமையாக்குகின்றன என்றார் மெச்னிகோவ். விலங்குகளுக்கு இந்தப் பொருட்களைக் கொடுத்து, ரத்தக் குழாய்கள் தடிப்பதாக 1910 வாக்கில் ஆய்வுகளும் வெளியிட்டார். இன்னொரு ஆதாரமாகப் பறவைகளைக் காட்டினார். கிளி போன்ற பறவைகளுக்குப் பெருங்குடல் மிகச் சிறியது, அவை நீண்ட நாள் வாழ்கின்றன என்றார்.

அப்படியென்றால் தீர்வு? அழுக வைக்கும் கூட்டத்தைப் புளிக்க வைக்கும் கூட்டத்தால் அடக்குவது. பல்கேரியாவில் நூறு வயது தாண்டியவர்கள் நிறைய இருப்பதாகவும், அவர்கள் தினமும் புளித்த பால் சாப்பிடுவதாகவும் செய்திகள் வந்திருந்தன. 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற இளம் பல்கேரியர், ஜெனீவாவில் அந்தத் தயிரிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று தயிர் டப்பாக்களில் லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ் என்று நீங்கள் படிப்பது அதுதான்.

1904இல் பாரிஸில் முதுமை பற்றி மெச்னிகோவ் பேசிய ஒரு சொற்பொழிவு பத்திரிகைகளில் பரவியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தயிருக்குக் கிராக்கி வந்தது. மாத்திரையாகவும் விற்றார்கள். 1907இல் ஆயுளை நீட்டிப்பது பற்றி அவர் எழுதிய புத்தகம் அந்த அலையை இன்னும் உயர்த்தியது. 1919இல் ஐசக் கராசோ பார்சிலோனாவில் டானோன் தயிர் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பாஸ்டர் நிலையத்திலிருந்து வந்த பாக்டீரியாவைத்தான் பயன்படுத்தினார். 1930இல் ஜப்பானின் மினோரு ஷிரோட்டா தனி பாக்டீரியா ரகம் ஒன்றை வளர்த்தெடுத்தார், அது 1935இல் யாகுல்ட் ஆனது. நீங்கள் இன்று பார்க்கும் அந்த ஃப்ரிட்ஜின் வம்சாவளி இதுதான்.

தரவைக் கொஞ்சம் சோதிப்போமா?

தரவுகளோடு வேலை செய்பவர் யாரும் பல்கேரியக் கணக்கைப் பார்த்தால் உடனே மூன்று கேள்வி கேட்பார்கள்.

ஒன்று, பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காக இல்லாத 19ஆம் நூற்றாண்டுக் கிராமத்தில் நூறு வயது என்பதை யார் சரிபார்த்தார்கள்? பதிவுகள் பலவீனமான இடங்களில் வயதைக் கூட்டிச் சொல்வது உலகம் முழுக்க நடப்பது.

இரண்டு, தயிர் சாப்பிட்டவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்பதாலேயே தயிர்தான் காரணம் என்று ஆகிவிடாது. உழைப்பு, மற்ற உணவு, மலைக் காற்று என்று எதுவாகவும் இருக்கலாம்.

மூன்று, அந்த பாக்டீரியா உண்மையிலேயே குடலில் தங்குகிறதா? 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்ஜரின் குழு சோதித்தது. பல்காரிகஸ் மனிதக் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்று தெரிந்தது. மெச்னிகோவின் மருந்து, விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இதைவிட ஆபத்தான விளைவு ஒன்றும் இருந்தது. பெருங்குடலே தேவையில்லாத உறுப்பு என்ற எண்ணம் அந்தக் காலத்தில் சில அறுவை சிகிச்சை நிபுணர்களையும் பிடித்துக்கொண்டது. லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற நிபுணர், வெறும் மலச்சிக்கலுக்காகக் கூடப் பெருங்குடலை வெட்டி எடுத்தார். இறந்தவர்களும் உண்டு. மெச்னிகோவ் கத்தியைப் பரிந்துரைக்கவில்லை, நுண்ணுயிரியை மாற்றுவதுதான் வழி என்றார். ஆனால் குடல் பயனற்றது என்ற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்த பெரிய மனிதர்களில் அவரும் ஒருவர். ஒரு விஞ்ஞானியின் ஊகம் பிறர் கையில் எப்படி ஆயுதமாகும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கடைசி நாட்கள்

1909இல், நோபல் பெற்ற கையோடு ரஷ்யா போன மெச்னிகோவ், எழுத்தாளர் டால்ஸ்டாயை அவருடைய பண்ணை வீட்டில் சந்தித்தார். இருவருக்கும் நடுவில் ஒரு பழைய நூல் இருந்தது. சாவை எதிர்கொள்ளும் நீதித்துறை அதிகாரி பற்றிய டால்ஸ்டாயின் புகழ்பெற்ற குறுநாவலுக்கு உந்துதலாக இருந்தது, மெச்னிகோவின் அண்ணன் இவானின் மரணம்தான். ஆன்மாவில் அமைதி தேடிய டால்ஸ்டாய்க்கும், நுண்நோக்கியில் விடை தேடிய மெச்னிகோவுக்கும் வழி ஒத்துப்போகவில்லை.

மெச்னிகோவ் தன் கொள்கையைத் தன் உடம்பிலேயே கடைப்பிடித்தார். பல வருடம் புளித்த பால் குடித்தார், வேகாத உணவைத் தொடவில்லை. ஆனால் இதயம் ஒத்துழைக்கவில்லை. 1916 ஜூலையில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 71 வயதில் பாரிஸில் இறந்தார். நூறு வயதுக் கனவு காட்டியவர் அதற்கு வெகு முன்பே போய்விட்டார் என்று சிலர் கேலி செய்தார்கள். ஆனால் அவருடைய கணக்கில், பலவீனமான இதயத்தோடு அவ்வளவு தூரம் வந்ததே வெற்றிதான்.

சரி, இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது?

மெச்னிகோவ் விஷம் என்று கைகாட்டிய இண்டோல் எங்கிருந்து வருகிறது? டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து. 1901இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் ஹாப்கின்ஸும் சிட்னி கோலும் அதைப் பிரித்தெடுத்தார்கள். பால், முட்டை, பருப்பு, இறைச்சி எல்லாவற்றிலும் இருக்கிறது.

இந்த ஒரு சரக்குக்கு உங்கள் குடலில் மூன்று வாடிக்கையாளர்கள்.

முதல் வாடிக்கையாளர் உங்கள் குடல் செல்கள். அவை இதிலிருந்து செரடோனின் தயாரிக்கின்றன. உடம்பின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில்தான், மூளையில் இல்லை.

இரண்டாவதும் உங்கள் செல்கள்தான், ஆனால் பாதை வேறு. கைனுரெனின் என்ற பொருளாக மாற்றும் பாதை அது. உடம்பில் அழற்சி கூடும்போது இந்தப் பாதை வேகமெடுக்கிறது.

மூன்றாவது, பாக்டீரியா. அவை டிரிப்டோஃபேனை இண்டோலாகவும் அதன் உறவுக்காரப் பொருட்களாகவும் மாற்றுகின்றன.

திருப்பம் இங்கேதான். இந்த இண்டோல் குடும்பத்துப் பொருட்களில் பல, குடல் செல்களுக்குள்ளும் நோய் எதிர்ப்பு செல்களுக்குள்ளும் இருக்கும் ஏஎச்ஆர் என்ற ஏற்பியைத் தட்டி எழுப்புகின்றன. அது எழுந்தால் ஐஎல்-22 என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்கிறது. அது குடல் சுவரைப் பழுது பார்க்கிறது, கிருமிகளைத் தள்ளி வைக்கிறது. அதாவது மெச்னிகோவின் விஷத்துக்குக் காவல் வேலையும் உண்டு.

2016இல் பாரிஸில், ஹாரி சோகோல் தலைமையிலான குழு ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. கார்ட்9 என்ற மரபணு இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி எளிதில் வருகிறது. காரணத்தைத் தேடினால், அவற்றின் குடல் பாக்டீரியாக்கள் டிரிப்டோஃபேனை ஒழுங்காக மாற்றவில்லை. அந்த பாக்டீரியாவை மரபணுக் குறை இல்லாத எலிகளுக்கு மாற்றினால், அவையும் அழற்சிக்கு எளிதில் ஆளாயின. டிரிப்டோஃபேனை மாற்றத் தெரிந்த மூன்று லாக்டோபேசிலஸ் ரகங்களைக் கொடுத்தபோது அழற்சி தணிந்தது. குடல் அழற்சி நோயாளிகளின் மலத்திலும் இந்த ஏற்பியை எழுப்பும் திறன் குறைந்திருந்தது.

மெச்னிகோவ் வேலை பார்த்த அதே ஊர். அவர் நம்பிய அதே பாக்டீரியா குடும்பம். ஆனால் காரணம் மட்டும் தலைகீழ். இண்டோல் குடும்பத்தைத் தடுப்பதால் இல்லை, அதைத் தயாரிப்பதால் அவை உதவுகின்றன.

இன்னும் ஒன்று. 1908இல் மெச்னிகோவ், குடலில் புரதத்தை அழுக வைக்கும் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். கிளாஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீன்ஸ் என்ற அதன் முழு அறிவியல் பெயரோடு அவர் பெயரும் ஒட்டியிருக்கிறது. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நுண்ணுயிரியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இந்த பாக்டீரியாவை மட்டும் கொடுத்தார்கள். ரத்தத்தில் இண்டோல் புரோபியானிக் அமிலம் தோன்றியது. அந்தப் பொருள் குடல் சுவரின் தடுப்பை உறுதிப்படுத்துகிறது என்று 2014இல் எலி ஆய்வுகள் காட்டின. அவர் வில்லன் என்று எழுதி வைத்தவர் பட்டியலிலேயே ஒரு காவல்காரரும் இருந்திருக்கிறார்.

அப்போ மெச்னிகோவ் முழுக்கத் தவறா?

அவசரப்படாதீர்கள். அவர் சந்தேகப்பட்ட மற்ற பொருட்களில் நியாயம் இருக்கிறது.

டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பாக்டீரியா தயாரிக்கும் கிரெசால், ஆய்வுக் கூடத்தில் குடல் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. சிறுநீரகம் பழுதானவர்களின் உடம்பில் இதன் ஒரு வடிவம் வெளியேறாமல் தேங்குகிறது.

சிஸ்டீனிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது, அழுகிய முட்டை நாற்றம் இதுதான். கொஞ்சமாக இருந்தால் குடல் செல்களுக்கு உபயோகம். அதிகமானால் சளிப்படலம் குலைகிறது, செல்களின் ஆற்றல் உற்பத்தி தடைபடுகிறது.

புற்றுநோய்ப் பக்கமும் இதே குழப்பம்தான். 2011இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள், வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் என்ற பாக்டீரியா பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் அதிகமாக இருப்பதைக் கண்டன. இது சர்க்கரையைவிட அமினோ அமிலங்களை நம்பி வாழும் ரகம். இண்டோல் குடும்பத்திலேயே சில பொருட்கள் எலிகளில் கட்டியை வளர்க்கின்றன என்றும், வேறு சில அடக்குகின்றன என்றும் சமீபத்திய ஆய்வுகள் சொல்கின்றன. கைனுரெனின் பாதையைக் கட்டிகளும் பயன்படுத்திக்கொண்டு நோய் எதிர்ப்பு செல்களை மழுங்கடிக்கின்றன. அந்தப் பாதையை அடைக்கும் ஒரு மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. தோல் புற்றுநோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் 2018இல் அது பலன் தரவில்லை. எலியில் வேலை செய்வது மனிதரிலும் வேலை செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆக, நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பிரிவே கொஞ்சம் குழந்தைத்தனம். எந்த அமினோ அமிலம், எந்த பாக்டீரியா, எவ்வளவு அளவு, குடல் எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு.

உங்கள் தட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

பெருங்குடல் புற்றுநோய் உலகில் ஆண்டுக்கு சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக வருகிறது, சுமார் 9 லட்சம் பேரைக் கொல்கிறது. அதனால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மெச்னிகோவ் தன் கடைசி ஆண்டுகளில் ஒரு யோசனையில் இருந்தார். பெருங்குடல்வரை சர்க்கரை போய்ச் சேர்ந்தால், பாக்டீரியா புரதத்தை விட்டுவிட்டு அதைச் சாப்பிடும். அதற்காக மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு பாக்டீரியாவைக் குடலுக்கு அனுப்பிப் பார்த்தார். அந்த பாக்டீரியா பெரிதாக வரவில்லை, ஆனால் யோசனை பிழைத்துக்கொண்டது. இன்று நாம் அதை நார்ச்சத்து என்கிறோம். நாம் செரிக்க முடியாத நார்தான் பெருங்குடல்வரை போகும் மாவுச்சத்து. அது கிடைத்தால் பாக்டீரியா புரதத்தைக் குறைவாக உடைக்கும், குடல் செல்களுக்கு எரிபொருளான பியூட்டிரேட்டைத் தயாரிக்கும்.

2015இல் ஓர் ஆய்வில், அமெரிக்காவின் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் தென்னாப்பிரிக்கக் கிராமங்களின் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். நார் கூடிக் கொழுப்பும் இறைச்சியும் குறைந்த அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் சுமார் இரண்டரை மடங்கானது, அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. மறுபக்கம் நேர் எதிர். இது புற்றுநோயை அளந்த ஆய்வு இல்லை, ஆபத்தின் அடையாளங்களை அளந்தது. ஆனாலும் இரண்டே வாரம் என்பது யோசிக்க வைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து சொல்கிறது. ஜிம்முக்காக புரோட்டீன் பவுடர் குடிப்பவர் என்றால், கூடவே பயறு, கீரை, சிறுதானியம் இருக்கிறதா என்று பாருங்கள். பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னது. இது ஒப்பீட்டு ஆபத்து. நூறில் 18 பேருக்கு வரும் என்று அர்த்தம் இல்லை.

தயிர்? தாராளமாகச் சாப்பிடுங்கள், அது நல்ல உணவு. மருந்து என்று நம்பிச் சாப்பிடாதீர்கள். குடல் அழற்சி நோய்களுக்குப் புரோபயாடிக்கை மருத்துவ ஆய்வுக்கு வெளியே பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் சொல்லிவிட்டது. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு இருந்தால் போக வேண்டிய இடம் டாக்டரிடம். சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜுக்கு இல்லை.

மெச்னிகோவின் சாம்பல் பாரிஸில் பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் ஒரு கலசத்தில் இருக்கிறது. குடலுக்குள் பாக்டீரியா புரதத்தை என்ன செய்கிறது என்பதில் நம் உடல்நலம் அடங்கியிருக்கிறது என்று அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. விடையைத்தான் இன்னும் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.